குட்டிக்கு ஒரு பிரம்புக் கூடை

புதன்கிழமை இரவு. வெளியே மழை.

கப்பலில் இந்த மலாய் நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து நான் தனியாகத் தெருவில் கால் வைத்ததில்லை. வழி தவறினால் யாரிடம், எந்தப் பாஷையில் கேட்பது என்ற பயம்தான். இன்று போனேன்.

எல்லாம் இந்தச் சீன நாய்க்குட்டியால். நேற்று அவர் ஆபீசிலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சீமைக்குத் திரும்பும் துரை கொடுத்ததாம். வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை வாங்கலாம் என்றார். ஆனால் வெறுந்தரையில் அது நடுங்குவதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? முந்தானையில் சுற்றிக்கொண்டு சூலியா தெருவுக்கு நடந்தேன்.

கடைக்கார ராவுத்தர் காட்டிய கழுத்துவார் ஒவ்வொன்றும் குட்டியின் வயிறு வரை நழுவியது.

"இதுக்குத் தோல்வாரு எதுக்கும்மா? துணி நாடா போதும்லா," என்று சிரித்தார். பச்சை நாடா எடுத்தேன்.

பிரம்புக் கடையில் ஒரு சீனப் பெண். அவள் காட்டிய கூடையில் நானே படுக்கலாம். முந்தானையை விலக்கிக் குட்டியைக் காட்டினேன்.

"கெச்சில்!" என்று கன்னத்தில் கைவைத்தாள்.

சின்னது என்றுதான் சொல்லியிருப்பாள். "கெச்சில், கெச்சில்," என்று கூடையைக் காட்டி நானும் சொன்னேன். சின்னக் கூடை வந்தது. என் வாயில் வந்த முதல் மலாய்ச் சொல்.

சாயங்காலம் கூடையைப் பார்த்ததும் அவர் திகைத்துப்போனார். "யாரு கூடப் போனே?"

"நாங்க ரெண்டு பேருந்தான்."

குட்டியின் பச்சை நாடாவைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கு எங்க போறதா உத்தேசம்?"

கடற்கரைக்கு என்றேன்.

குட்டி தூக்கத்தில் கால்களை அசைத்து எங்கோ ஓடுகிறது. எனக்கும் கண் சொக்குகிறது. மூடினால் தெரு மெல்ல நகர்கிறது, ரிக்‌ஷாக்களும் குடைகளுமாக, கடல் வரைக்கும்...