படக்கதை நாட்டுக்கு நீ செய்த மொழி

இன்று காலை கூரியரில் நம் படக்கதையின் கடைசி இதழ் வந்தது. பிரித்ததும் அச்சு மையின் வாடை. நீ இருந்தால் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருவாய்.

மைசூரில் சரஸ்வதிபுரத்து வாடகை வீட்டில் நாம் சேர்ந்திருந்த வருடங்கள் அவை. ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்தின் படக்கதைக்கு நான் வரைந்துகொண்டிருந்தேன். கதை ஆப்பிரிக்காவில், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டில் நடந்தது. அங்குள்ளவர்கள் பேசுவதற்கு ஏதாவது ஒலிகளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஆசிரியர் எழுதியிருந்தார். மொழியியல் படித்த உனக்குக் கோபம் வந்தது. "ஒரு நாடே பேசற பேச்சு, அது ஏதாவதாமா?" என்றாய். ஒரே வாரத்தில் நாற்பது சொற்களைச் செய்து கொடுத்தாய்.

மாடியில் குடியிருந்த தான்சானிய மாணவி நேமாவிடம் பட்டியலைக் காட்டினோம். அரசன், ஈட்டி, பகைவன், கொல், ஓடு. படித்துவிட்டுச் சிரித்தாள். "இந்த ஊரில் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

உன் முகம் சுருங்கிவிட்டது. படியிறங்கும்போதே பட்டியலைக் கிழித்தாய்.

"அவ கேட்டது சரிதான் புள்ள. மனுசங்க பேசறாப்புல ஒரு வார்த்தைகூட இல்ல இதுல."

"பக்கமெல்லாம் வரைஞ்சாச்சு கணே! டெட்லைன் இருக்கு!"

'டீ'க்குப் பதில் கன்னடத்துக் 'கணே' போடும் என் மைசூர்த் தமிழைக் கிண்டல் செய்யக்கூட நீ நிற்கவில்லை.

மூன்று மாதம் மாலைதோறும் நேமாவோடு உட்கார்ந்தாய். அவள் மொழியிலிருந்து ஒரு சொல்லையும் எடுக்காமல் புதிதாகக் கட்டினாய். முதலில் உருவான வாக்கியம், 'சாப்பிட வா.' அதற்காகவே, அடுப்படியிலிருந்து பிள்ளையைக் கூப்பிடும் ஒரு தாயைக் கதையில் சேர்த்து, பதினொரு பக்கங்களைத் திரும்ப வரைந்தேன். தாமதத்துக்காக ஆசிரியர் திட்டினார். பக்கங்களைப் பார்த்தபின் அடங்கிவிட்டார்.

பிறகு ஒருநாள் காய்ச்சலோடு உன் ஊர் கௌதள்ளிக்குப் பஸ் ஏறினாய். ஒன்பதாம் நாள் உன் தம்பி போன் செய்தான், நீ இல்லை என்று.

கடைசி இதழை உன் நோட்டை வைத்துக்கொண்டு நானே முடித்தேன். அதில் அந்தத் தாய், புதைத்த மகனிடம் 'வீட்டுக்குப் போகிறோம்' என்கிறாள். அந்தப் 'போகிறோம்' யார் யார் என்பதற்கு உன் மொழியில் இரண்டு சொற்கள், கேட்பவரைச் சேர்த்து ஒன்று, விட்டு ஒன்று. தமிழில் 'நாம்', 'நாங்கள்' இருப்பதுபோல. கன்னடத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நான் எப்போதும் தடுமாறுவேன். "நாங்க சினிமாவுக்குப் போலாமா?" என்று உன்னைக் கேட்டால், "அப்ப நான் வரலையா?" என்பாய்.

எதைப் போட்டாலும் யாருக்கும் தெரியாது என்றார் ஆசிரியர். ஊர் திரும்பிவிட்ட நேமாவைப் போனில் கேட்டேன். "அந்த அம்மாவின் வாயில் எது வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

மகனையும் சேர்த்துக்கொள்ளும் சொல்லைப் போட்டேன். சரியா என்று உன் நோட்டில் இல்லை. இப்போது அது அச்சாகிவிட்டது.

நான் இன்னும் தடுமாறுகிறேன். ஆனால் தமிழில் 'நாங்க' என்று வாயெடுக்கும்போதெல்லாம் ஒரு நொடி நின்று, எதிரில் இருப்பவரை விட்டுவிடுகிறேனா என்று பார்த்துக்கொள்கிறேன்.