மீன் லாரியில் வந்த பிரதிநிதி

நாசரேத்,
18-9-1974.

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

கிருபை எழுதுகிறேன். அந்தமானில் நீங்களும் உங்கள் ஒர்க்‌ஷாப் ஆட்களும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை செய்வாராக. இங்கே நானும் அம்மாவும் சுகம். சுகம் என்று எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது. காய்ச்சல் ஒன்றும் இல்லை, கோபம்தான். நாலைந்து நாளாகியும் ஆறமாட்டேன் என்கிறது. நீங்கள் ஆகஸ்டில் போட்ட கடிதம் கப்பலேறி ஊர்ந்து வந்து போன வாரம்தான் கைக்குக் கிடைத்தது. அதற்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன். முதலில் தூத்துக்குடியில் எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள்.

சுகாதார ஊழியர் மாநாடு மூன்று நாள் நடக்கிறது, எங்கள் டாக்டர் நயினார் என்னையும் பிரதிநிதியாகச் சேர்த்திருக்கிறார் என்று முன்னமே எழுதியிருந்தேன். காரணம் என் நோட்டு. ஆதிச்சநல்லூரைச் சுற்றி என் பொறுப்பில் இருக்கிற ஆறு ஊரிலும் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் மூன்றரை வருஷமாக அதில் எழுதி வருகிறேன். எந்த நாள் பிறந்தது, தொப்புள்கொடியை யார் அறுத்தார்கள், எதனால் அறுத்தார்கள், பத்தாம் நாள் பிள்ளை எப்படி இருந்தது என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஐம்பத்தெட்டுப் பிள்ளை பிறந்து எட்டுப் பிள்ளை ஏழாம் நாள் இசிவு வலிப்பில் போயிற்று. போன வருஷம் அறுபத்தொன்றில் ஒன்றே ஒன்று. டாக்டர் மார்ச் மாதமே நோட்டை வாங்கிக்கொண்டு, இதை மாநாட்டில் நீயே வாசிக்கணும் கிருபை என்றார். நானும் நம்பி, எடுத்து வைத்திருந்த நகலைக் கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பழகினேன். அம்மா சிரித்தாள்.

முதல் நாள் மாலை மரியாதையும் பேச்சுமாகப் போயிற்று. கையில் கொடுத்த நிகழ்ச்சி நிரலைப் பார்க்கிறேன். இரண்டாம் நாள், மூன்று மணி, கிராமங்களில் சிசு மரணம், டாக்டர் நயினார் என்று இருக்கிறது. என் பேரைக் காணோம். டாக்டரிடம் போய்க் கேட்டேன். அச்சகத்துக்காரன் விட்டுட்டாம்மா, அதுவும் போக அந்தக் கூட்டத்தை மூணாம் நாளுக்கு மாத்தியாச்சு, நாளைக்குப் பெண்களுக்கு ஊர் சுத்திப் பாக்க வேன் போட்டிருக்கு, சந்தோசமா போயிட்டு வா என்றார். அவ்வளவு தன்மையாகச் சொன்னார். நான் மடச்சி, தாங்க்ஸ் வேறு சொன்னேன்.

மறுநாள் காலை வேனில் அதிகாரிகளின் மனைவிமார் ஐந்து பேர், நர்சுகள் என்னையும் சேர்த்து நான்கு பேர். என் பக்கத்தில் இசபெல்லா. ஆலந்தலைக்காரி, தூத்துக்குடியில் நர்ஸாக இருக்கிறாள். பரதவர் வீட்டுப் பெண், மனசில் பட்டதை அப்படியே பேசுவாள். வேன் ஓட்டியவர் ரோச் அண்ணாச்சி. முதலில் மாதா கோவில். அதில் குறை ஒன்றும் இல்லை. அடுத்தது புதுத் துறைமுகம். ஜூலையில் திறந்ததிலிருந்து ஊரெல்லாம் அதே பேச்சு, எனக்கும் பார்க்க ஆசை. வாசலில் காவலாளி கையில் ஒரு பட்டியல். பிரதிநிதிகளுக்கு நேற்றே காட்டியாச்சு, இன்னைக்குப் பிரதிநிதிகளின் மனைவிமாருக்கு மட்டும்தான் என்கிறான். நான் பிரதிநிதி என்று நெஞ்சில் குத்தியிருந்த அட்டையைக் காட்டினேன். அதெல்லாம் சரி, நீங்க யார் மனைவி என்று கேட்டான். அந்தமானில் இருக்கிறவரின் மனைவி என்றேன். அந்தமான் பட்டியலில் இல்லை என்றான்! ஐந்து பேரும் உள்ளே போய்க் கப்பல் பார்த்தார்கள். நாங்கள் நான்கு பேரும் வெயிலில் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திருச்செந்தூர் போகிற வழியில் இன்னொரு கூத்து. இளநீர் குடிக்க நிறுத்திய இடத்தில் ஒருவன் முத்து விற்றான். போன வாரம் குளித்து எடுத்ததாம். முத்துக்குளிப்பு நடந்து பதிமூன்று வருஷமாகிறது என்று இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் டாக்டரின் மனைவி சண்முகத்தாய் அம்மாள் அதற்குள் நான்கு முத்து வாங்கிவிட்டார்கள். இசபெல்லா ஒன்றை எடுத்துக் கல்லில் இரண்டு தேய் தேய்த்தாள். பூச்சு போய் வெறும் கண்ணாடி தெரிந்தது. விற்றவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான். அந்த அம்மாவுக்குக் கோபம் அவன்மேல் வர வேண்டுமா, தேய்த்தவள்மேல் வர வேண்டுமா? இசபெல்லாமேல்தான் வந்தது. நாலு பேர் பார்க்க மானத்தை வாங்கிவிட்டாளாம்.

அந்தக் கோபம்தான் எனக்கு நன்மையாய் முடிந்தது. திருச்செந்தூரில் வேனை விட்டு இறங்கும்போது அந்த அம்மாள் எங்களை ஒரு பார்வை பார்த்து, இதுகளோட எல்லாம் எங்கள அனுப்பியிருக்காக, அங்க எங்க வீட்டுக்காரர் மூணு மணிக்கு எவ்வளவு பெரிய ஆராய்ச்சி வாசிக்கப் போறாக, ஆறு ஊர்ல பிள்ளைச் சாவை நிறுத்தினவுக அவுக என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்குள் போய்விட்டார்கள்.

மூணு மணிக்கா, இன்றைக்கா என்று ரோச் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். உடனே திரும்ப வேண்டும் என்று கெஞ்சினேன். அதற்கு அவர், எனக்கு என்ன தாயி தெரியும், அஞ்சு மணிக்கு முன்னால யாரையும் கூட்டிட்டு வந்திராதேன்னு டாக்டரையா கண்டிசனா சொல்லியிருக்காரே என்றார். அப்போதுதான் அத்தான், எல்லாம் விளங்கிற்று. ஊர் காட்ட என்று அனுப்பவில்லை. என்னை ஊரை விட்டு வெளியே வைக்க அனுப்பியிருக்கிறார். என் ஒருத்திக்காக எட்டுப் பெண்களை நாற்பது மைல் சுற்றவிட்ட மனுஷர்!

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். தூத்துக்குடி பஸ் அப்போதுதான் போயிருந்தது, அடுத்தது ரெண்டு மணிக்கு. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இசபெல்லா என் தோளைப் பிடித்து உலுக்கி, ஏளா, அழுறதுக்கா வந்த, எங்க மாமன் அம்புரோஸ் ஆலந்தலை மீனை ஏத்திக்கிட்டு இந்த நேரத்துக்குத்தான் லாரில வருவாரு, வா ரோட்டுக்கு என்றாள். வந்தார். நிறுத்தினார். பின்னால் முழுக்க ஐஸும் மீனும். முன்னால் காலடியில் இரண்டு கூடை சாளை மீன். அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம். என் வெள்ளைச் சேலை முழங்கால்வரை மீன் தண்ணீர். ஆறுமுகநேரியில் ரயில்வே கேட்டை அடைத்துவிட்டான். ரயில் வருகிற வழியாய்க் காணோம். அம்புரோஸ் மாமா இறங்கிப்போய், ஆஸ்பத்திரி நர்ஸம்மாக்க இருக்காவ, உயிர் போற காரியம் என்று கேட்டுக்காரனிடம் மன்றாடினார். ரயில் போகிறவரை அவன் அசையவில்லை. உயிர் போகிற காரியம் என்றது பொய்யும் இல்லையே என்று எனக்குப் பட்டது.

மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்று இருபது. வாசலில் பியூன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மீன் கொடுக்கிற வாசல் பின்னாடி என்றான். ஏலே, நாங்க மீன் விக்க வரல, மாநாட்டுக்கு வந்தவுக, இந்தா அட்டை என்று இசபெல்லா அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மேடையில் டாக்டர் கையில் என் நோட்டு. நான் நீல அட்டை போட்டுத் தைத்த நோட்டு. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். மதராஸிலிருந்து வந்த நரைத்த தலை லேடி டாக்டர் ஒருவர், பழைய மருத்துவச்சிகள் கொடி அறுக்கிற அரிவாளை விட்டுவிட எப்படிச் சம்மதித்தார்கள் என்று கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே, சம்மதம் என்ன, போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்று மிரட்டினோம், அடங்கிவிட்டார்கள் என்றார். பிறகு, அறியாமைதான் எல்லாவற்றுக்கும் காரணம், உதாரணத்துக்கு ஒன்று வாசிக்கிறேன் என்று முதல் பக்கத்தைத் திருப்பினார். எண் ஒன்று. ஆண் குழந்தை. நவம்பர் 1968. ஏழாம் நாள் மரணம். காரணம், தாயின் அறியாமை என்று வாசித்தார்.

அத்தான், நான் அப்படி எழுதவில்லை. காரணம் என்ற கட்டத்தில், கொதிக்கவைக்காத அரிவாள் என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

அது பொய் ஐயா என்று எங்கிருந்தோ ஒரு சத்தம் கேட்டது. என் சத்தம்தான். முந்நூறு தலை திரும்பிற்று. டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. யாரம்மா நீ என்று லேடி டாக்டர் கேட்டார். அந்த நோட்டை எழுதினவள் நான், அந்த ஒன்றாம் எண் என் பிள்ளை என்றேன்.

என்னை மன்னியுங்கள். ஆறு வருஷமாக நீங்களும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லாததை, உங்களைக் கேட்காமல் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

லேடி டாக்டர் மேடைக்குக் கூப்பிட்டார். மீன் வாடையோடு ஏறினேன். நோட்டு இல்லாமலேயே பேசினேன். நாங்கள் யாரையும் மிரட்டவில்லை. முதல் வருஷம் நான் சட்டம் பேசினபோது மருத்துவச்சி இசக்கித்தாய் என் முகத்தில் கதவைச் சாத்தினாள். பிறகு ஒருநாள் அவள் அடுப்படியில் உட்கார்ந்து என் பிள்ளையின் கதையைச் சொன்னேன். அவள் மாரில் அடித்துக்கொண்டு, அதே மாதிரி அரிவாளாலதான தாயி நானும் எம் பேரனுக்கு அறுத்தேன் என்று அழுதாள். மறுநாளே பிளேடையும் நூலையும் கொதிக்கவைக்கக் கற்றுக்கொண்டு, மற்ற ஐந்து ஊர் மருத்துவச்சிகளுக்கும் அவளே நடந்துபோய்ச் சொல்லிக் கொடுத்தாள். இதைத்தான் சொன்னேன். லேடி டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டை டாக்டர் கையிலிருந்து வாங்கி என் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

இதோடு நியாயம் பிறந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மாநாட்டு மலரில் டாக்டர் நயினார், உதவி கிருபை என்று போடப் போகிறார்களாம். உதவியாம்! இசக்கித்தாய் பேர் உதவிக்குக்கூட இல்லை. திங்கட்கிழமை எனக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் அரசு வேனை விட்டு இறங்கியதும், அரசு ஊழியரின் கண்ணியத்துக்குக் குறைவாக மீன் லாரியில் பயணம் செய்ததும் ஏன் என்று விளக்கம் எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன். நோட்டு திருடு போனதால் பின்தொடர்ந்தேன், கிடைத்த வாகனம் அதுதான், கண்ணியம் வேனில்தான் குறைந்தது, லாரியில் இல்லை என்று எழுதி, அதன் நகலை லேடி டாக்டருக்கும் அனுப்பியிருக்கிறேன். மலரில் இசக்கித்தாய் பேர் வராவிட்டால் என் பேரும் வேண்டாம் என்று அவருக்குத் தனியாக ஒரு கடிதமும் போட்டிருக்கிறேன். வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்று அம்மா பயப்படுகிறாள். மாற்றட்டும். அங்கேயும் பிள்ளை பிறக்கத்தானே செய்யும்?

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது, மாதக் கடைசிக்குள் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நாலு தடவை படித்தேன். ஜன்னல் எந்தத் திசையில் இருக்கும் என்றுகூட யோசித்தேன். ஆனால் எழுத முடியாது அத்தான். இந்த வருஷம் இதுவரை நாற்பத்திரண்டு பிள்ளை பிறந்திருக்கிறது. ஒன்றும் போகவில்லை. நான் எழுந்து வந்தால் அந்தக் கட்டங்களை யார் எழுதுவார்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் கடிதம் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

அன்று மேடையில் நிற்கும்போது ஒன்று தோன்றியது. நம் பிள்ளை பிறந்த அந்த மழையில் வண்டி கிடைக்காமல் மூன்று மைல் நனைந்தே ஓடி மருத்துவச்சியைக் கூட்டிவந்தது நீங்கள். பிள்ளை போன பதினைந்தாம் நாள் அந்தமான் வேலைக்கு எழுதிப் போட்டுக் கப்பலேறினதும் நீங்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. நோட்டில் காரணம் என்ற கட்டத்தில் என் பேர் இல்லை. உங்கள் பேரும் இல்லை. நானே என் கையால் எழுதினது, நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

லீவுக்கு வரும்போதெல்லாம் மே மாதத்தில்தான் வருகிறீர்கள். இந்தத் தடவை நவம்பரில் வாருங்கள். மழைக்குக் கல்லறைத் தோட்டத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடுகிறது. நான் ஒருத்தியாய்ச் செதுக்கி முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது.

கடல் அமைதியாயிருந்து, கர்த்தர் உங்களைப் பத்திரமாய்க் கரை சேர்ப்பாராக.

உங்கள் வருகைக்காக ஜெபிக்கும்,
கிருபை.