இருவரும் கூடுதலாகத் தின்ற மாதம்

ஜூலை 6, திங்கள்
காலையிலிருந்து சாரல். துவைத்த துணி காயவில்லை. இரண்டு ரவிக்கை தைத்தாயிற்று. ஒன்றில் கை இறுக்கம், பிரிக்க வேண்டும்.

தென்காசி ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தோம். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் கூடுதலாகத் தின்ன வேண்டும், ஒரு மாதம். இருவருக்கும் ஒரே அளவு. தொப்புளுக்குக் கீழே ஊசி போட்டுத் துளி கொழுப்பு எடுத்தார்கள். அதில் எந்த மரபணு சுறுசுறுப்பு, எது மந்தம் என்று பார்ப்பார்களாம். மரத்துப்போக மருந்து போட்டும் வலி.

கல்யாணமானதிலிருந்து அவர் சொல்லுவது: "ஏட்டி, காத்தக் குடிச்சாலும் உனக்கு ஊதும்." தமாஷ்தான். ஆனாலும் நாலு பேர் முன்னால் இரண்டாம் தடவை சோறு வாங்கியதில்லை நான். அதே அளவு அவரும் தின்று பார்க்கட்டும்.

ஜூலை 15, புதன்
ஐந்தருவியில் நல்ல கூட்டம். அவருடைய சிப்ஸ் கடைக்கு ஒத்தாசைக்குப் போனேன். இன்றைய பங்கு: ஆளுக்கு இரண்டு பப்ஸ், ஒரு மில்க்ஷேக்.

"போதும்லா, தொண்ட வரைக்கும் நிக்கி" என்றார். நான் முடித்துவிட்டேன். பழக்கடை அண்ணாச்சி என்னிடம், "தங்கச்சி, இம்புட்டும் நீயா திங்க?"

அவர் கையிலும் பப்ஸ்தான். அவரை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்
நல்ல வெயில். மறுபடி ஊசி, ரத்தம், ஸ்கேன். எனக்கு எடை நன்றாக ஏறியிருக்கிறது. அவருக்குக் கொஞ்சந்தான். பஸ்ஸில் வழியெல்லாம் சிரிப்பு.

"நாஞ் சொல்லுதேம்லா? ஒரே தீனி. உனக்கு மட்டும் ஒட்டுது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நூல்கண்டு வாங்க மறந்தாயிற்று.

ஆகஸ்ட் 19, புதன்
டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். முதலில் என்னிடம்:

"கொழுப்பச் சேத்து வைக்கிற மரபணுக்கள் உங்களுக்கு நல்லா வேலை செய்யுது. கூடுதலாத் தின்னது தோலுக்குக் கீழ இருக்கிற கொழுப்புலயே தங்கிருச்சு. ஈரல், ரத்தம் எல்லாம் முன்ன மாதிரியே இருக்கு."

பிறகு அவரிடம்: "உங்களுக்கு அது மந்தம். வைக்க இடமில்லாம ஈரல்ல போய்ச் சேந்திருக்கு. சுகரும் கூடிருக்கு."

"நான் ஒல்லிதான டாக்டர்?"

"ஒல்லிதான்."

இரண்டு பேரை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாதாம். என் எடையும் நல்லதென்று அர்த்தமில்லையாம். இருவரும் தீனியைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும். இப்போதே பார்த்தால் ஈரல் தேறிவிடும் என்றார்.

பஸ்ஸில் இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பியது அவர். வீட்டில் தோசையைப் பாதியில் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 20, வியாழன்
விடியலில் நடை. குத்துக்கல்வலசை தாண்டி வயல் ரோடு. நல்ல காற்று. அவருக்கு மூச்சு வாங்கியது. நின்றேன்.

"ஏட்டி, நீ போ, நான் வாரேன்."

போகவில்லை. குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டபடி கேட்டார்:

"உள்ளதச் சொல்லு. எனக்கு இப்பிடி ஆனதுல உனக்குச் சந்தோஷந்தான?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"கொஞ்சம்" என்றேன்.

நேற்றைக்குப் பிறகு இப்போதுதான் சிரித்தார்.