நகர்த்திய கண்கள்

மார்ச் 4
ஸ்டுடியோவில் இன்று ஐந்து குழந்தைகள், எல்லாம் பாஸ்போர்ட் படம். கேமராவுக்கு மேலே கிலுகிலுப்பையை இரண்டு ஆட்டு ஆட்டினால் எந்தக் குழந்தையும் என்னைப் பார்த்துவிடும். சாயங்காலம் மனைவி மகளைக் கொண்டுவந்தாள், ஆறாம் மாதப் படத்துக்கு. நாற்பது எடுத்தேன். ஒன்றில்கூட என்னைப் பார்க்கவில்லை. விளக்கின் வெள்ளைக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 5
கணினியில் அவள் கருவிழிகளைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். கடைக்கு வருகிறவர்களுக்குத் தினமும் செய்வதுதான். மனைவியிடம் சொல்லவில்லை. “உங்களையே பாக்குறா பாருங்க” என்று படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

ஜூன் 7
ஒன்பதாம் மாதப் படம். மறுபடியும் நகர்த்தினேன்.

ஆகஸ்ட் 2
கூப்பிட்டால் திரும்புவதில்லை. மைத்துனன் ‘மந்திரி’ என்று பெயர் வைத்துவிட்டான், மனு கொடுத்தால்தான் திரும்புவாளாம். நானும் சிரித்து வைத்தேன். காது நன்றாகக் கேட்கிறது. அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரித்தால் தவழ்ந்து வந்துவிடுகிறாள். அப்புறம் ஏன்?

செப்டம்பர் 10
ஒரு வயதுப் பரிசோதனை. டாக்டர் மூன்று முறை கூப்பிட்டார். மந்திரி மேசை விசிறியைப் பார்த்தாள். முன்பாவது முகம் பார்ப்பாளா என்று கேட்டார். மனைவி போனில் படங்களைக் காட்டினாள். நேராகத்தான் பார்க்கிறாள், மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

செப்டம்பர் 11
டாக்டரையே ஏமாற்றியிருக்கிறது என் கை. தொழில் சுத்தம் — யாரிடம் போய்ப் பெருமையடிப்பது? பயந்துட்டேன், அவ்வளவுதான். மார்ச்சுலயே பயந்துட்டேன். ச்சே.

செப்டம்பர் 12
சொல்லிவிட்டேன். அசல் நாற்பதையும் திறந்து காட்டினேன். மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “பால் குடிக்கும்போதும் என் மூஞ்சியப் பாக்க மாட்டா. உங்க படத்தப் பாத்துத்தான் மனசத் தேத்திக்கிட்டேன்” என்றாள். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 15
அசல் படங்களை டாக்டரிடம் கொடுத்தோம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொறுக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள் என்று குழந்தை வளர்ச்சி நிபுணருக்குச் சீட்டு எழுதினார்.

நவம்பர் 23
இரண்டு மாதமாகப் பார்த்தபின், ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார் நிபுணர். உறுதியாகச் சொல்ல இன்னும் நாளாகுமாம், பயிற்சியை இப்போதே தொடங்கலாமாம். முதல் பாடம் எனக்கு: “அவ எதப் பாக்குறாளோ, மொதல்ல அத நீங்க பாருங்க.”

ஜனவரி 8
ஸ்டுடியோவில் குடைக்குக் கீழே அவளோடு மல்லாந்து படுத்தேன். மனைவி படம் எடுத்தாள். அதைக் கடை முகப்பில் மாட்டியிருக்கிறேன். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவர், “பாப்பா கேமராவப் பாக்கலையே, சரி பண்ணலாம்ல?” என்றார்.

“ரெண்டு பேருமே குடையத்தான் பாக்குறோம்” என்றேன்.