அச்சகத்துச் சந்தில் உணவு ஓட்டுநர்களுக்கு விரிக்கப்படும் வலை

அனுப்புநர்
அடையாள எண் 417,
பைக்கில் உணவு கொண்டுசேர்க்கும் பெண் ஓட்டுநர்,
தையல் கடை மாடி, சந்தை சாலை.

பெறுநர்
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
நகரக் காவல் அலுவலகம்.

பொருள்: பொய் ஆர்டர் கொடுத்து வரவழைத்து பைக்கைத் தூக்கும் கும்பல் – நடவடிக்கையும் பாதுகாப்பும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மூன்று ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். துரத்தும் நாய், சொல்லாமல் திரும்பும் கார், லிஃப்டில் ஏற்றாத காவலாளி ஆகியவை எங்களுக்குப் பழகிவிட்டன. அவற்றுக்காகத் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2. கடந்த வியாழன் பிற்பகல் மூன்று மணிக்கு, மூடிக் கிடக்கும் அச்சகத்தின் பின்சந்துக்கு நான்கு சூப் ஆர்டர் வந்தது. போனில் பேசியவர், "அக்கா, கால் சுளுக்கிக்கிச்சு, எழுந்திருக்க முடியல. மாடிக்கே கொண்டு வந்துடுங்களேன்" என்றார். இரக்கப்பட்டு ஏறினேன். மாடியில் ஈ காக்கை இல்லை. எட்டிப் பார்த்தால், கீழே இரண்டு பேர் என் பைக்கைச் சிறிய லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாவி என்னிடம் பத்திரமாக இருந்தது. அவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

3. நின்ற இடத்திலிருந்தே நான்கு சூப்பையும் அவர்கள் தலையில் கவிழ்த்தேன். குற்றமாயின் பொறுத்தருளவும், கைவசம் வேறு ஆயுதம் இல்லை. அலறிக்கொண்டு பைக்கை விட்டார்கள். அது ஒருவர் பாதத்தில் விழுந்தது. சுளுக்கு பொய்யாக இருக்கலாம், இப்போது அவர் நொண்டுவது உறுதி. இருவரும் லாரியில் தப்பிவிட்டார்கள். லாரியின் எண்ணை இணைத்துள்ளேன்.

4. பத்தே நிமிடத்தில், சூப் வந்து சேரவில்லை என்று போனில் பேசிய அந்த ஆளே எங்கள் நிறுவனத்தில் புகார் செய்தார். நான்கு நாள் ஆர்டர் எடுக்க முடியாதபடி என் ஓட்டுநர் கணக்கை முடக்கிவிட்டார்கள். தலையில் கொட்டினால் கொண்டுசேர்த்ததாக ஆகாதாம்.

5. காவல் நிலையத்தில் தலைமைக் காவலர், "வண்டிதான் உங்ககிட்டயே இருக்கே, அப்புறம் என்னம்மா புகார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் போன மாதம் இதே சந்தில், நாங்கள் பெரியண்ணன் என்று அழைக்கும் மூத்த ஓட்டுநர், வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டதால் இரும்புக் கம்பியால் அடிபட்டார். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றும் அவருக்கு மகள்தான் சோறு ஊட்டுகிறாள்.

நான் மாடியில் இருந்ததால் தப்பினேன். நடந்ததை எல்லோரிடமும் சிரித்தபடிதான் சொல்கிறேன். அன்று இரவு மூன்று முறை எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன் என்பது என் கணவருக்கு மட்டும் தெரியும். அவர் சிரிப்பதில்லை.

6. ஆகவே, அந்த லாரியைக் கண்டுபிடிக்கவும், சந்தில் காவலர் ஒருவரை நிறுத்தவும், ஆபத்தான முகவரியை மறுக்கும் ஓட்டுநரைத் தண்டிக்கக் கூடாது என்று நிறுவனத்துக்கு எழுதவும் வேண்டுகிறேன்.

இன்று என் கணக்கு திறந்துவிட்டது. நாளை காலை பத்து மணிக்கு வண்டி எடுக்கிறேன். அந்த முகவரி மறுபடி என் போனில் வந்தால், போகாவிட்டால் வேலை போகும். போனால் எது போகும் என்று சொல்லத் தெரியவில்லை. பத்து மணிக்குள் சந்து முனையில் ஒரு காக்கிச் சட்டையைப் பார்ப்பேன் என்ற நம்பிக்கையுடன் கையெழுத்திடுகிறேன்.

நாள்: 14.07.2025, திங்கட்கிழமை
இடம்: சந்தை சாலை

(ஒப்பம்)
ஓட்டுநர் 417