வலது கைச் சோறு

என்னங்க,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்று மாஸ்டர்ஸ் வகுப்பில் விரிவுரையாளர், "உங்களால் தேறிய நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். பத்து வருடம் ஆஸ்பத்திரியில், நோயாளிகளை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி பார்த்தவளுக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. லோரிக் கதவில் உங்கள் வலது கை நசுங்கியதும், இடது கையில் ஸ்பூன் பிடிக்கப் பழக்கினேன். மூன்றே வாரத்தில் 'தானாகச் சாப்பிடுகிறார்' என்று சிகிச்சைப் படிவத்திலும் எழுதினேன். இதைத்தான் வகுப்பில் சொன்னேன்.

"அதற்குப் பிறகு யாரோடெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு கல்யாண வீடுதான் நினைவுக்கு வந்தது. பெம்பான் ஊரில் உங்கள் கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோது, "கூட்டமா இருக்கும்லா, நீ மட்டும் போய்ட்டு வா" என்றீர்கள். நானும் போனேன். வாழை இலை முன்னால் இடது கையோடு உட்காரக் கூசினீர்கள் என்பது, என் இலையில் பரிமாறும்போதுகூட எனக்குத் தோன்றவில்லை.

"என்னைப் பாத்தது போதும், போய்ப் படி" என்று கோலாலம்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்களே, அதற்கு நன்றி. கை அடிபட்டவர்களை ஸ்பூன் இல்லாமல் கையாலேயே சாப்பிடப் பழக்குவதுதான் இப்போது என் ஆய்வு.

இதை உங்களிடம் சொல்லலாம் என்றிருந்தபோதுதான் மகள் தாரணி வீடியோ அனுப்பினாள். வலது கையின் மூன்று விரலால் சாம்பார் சோறு பிசைகிறீர்கள். பாதி மேசையில் கிடக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே என்று மிரட்டினீர்களாமே!

சனிக்கிழமை வருகிறேன். முதல் வாயை எனக்கு ஊட்டுங்கள். சிந்தினால் சிந்தட்டும்.

இப்படிக்கு,
ஸ்பூன் கொடுத்தவள்