இரண்டாவது சூடு

இன்று காலை உலைக் கதவைத் திறந்தபோது, எண்ணெயில் இறக்கிய எஃகின் கருகல் வாடை என் மேசைவரை வந்தது. உங்கள் இடத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார், பாய். நீங்கள் இறந்து ஏழு மாதமாகிறது.

வீரபாண்டியில் இதே சின்னப் பட்டறையில் நீங்கள் உலையில். நான் அளவு பார்க்கும் மேசையில். பனியன் கம்பெனிகளுக்கு பிரஸ் பட்டன் அடிக்கும் எஃகு அச்சுகள் செய்தோம்: மேலிருந்து இறங்கும் பஞ்ச், அது போய் உட்காரும் டை. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கினால் எஃகு இறுகிவிடும். ஆனால் உள்ளே ஒரு பகுதி மாறாமல் தங்கி, பின்னால் மெல்ல மாறும்போது உருப்படியைப் பெருக்க வைக்கும். அதற்காகவே மிதமான சூட்டில் இரண்டு முறை வைத்தெடுப்பீர்கள்.

"இன்னிக்கு அளவு சரியாத்தானுங்க அம்மணி இருக்கும். பத்து நாள் கழிச்சும் அப்படியே இருக்கோணுமில்லீங்க?"

ஒருமுறை ஓர் ஆர்டர் அவசரமாக வந்தது. "ஒருக்கா வெச்சது போதும், எடுங்க பாய்" என்றார் முதலாளி. நீங்கள் மறுத்தீர்கள். அவர் குரலை உயர்த்தினார். பத்தடி தள்ளி நான் இருந்தேன்.

இரண்டாவது சூடு இல்லாமலே பஞ்ச் என்னிடம் வந்தது. மைக்ரோமீட்டர் சரியான அளவைக் காட்டியது. கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரத்தில், வாங்கிப்போன கம்பெனியில், அது பெருத்து, டைக்குள் இறுகி உடைந்தது. தெறித்த சில்லில், மெஷின் ஓட்டிய ஒடிசாப் பெண்ணுக்கு வலது கண் போயிற்று.

முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டார்.

"எங்கிட்டிருந்து போறப்ப அளவு சரியா இருந்துச்சுங்க" என்றேன். ஒருமுறையோடு எடுக்கச் சொன்னது அவர்தான் என்பதைச் சொல்லவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது.

"அப்ப ஹீட்லதான் தப்பு" என்றார் அவர், உங்களைப் பார்த்து.

அன்று மதியமே சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். பிறகு ஒரு சாயப்பட்டறைக் கொதிகலனில் வேலை. அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் வீட்டுக்கு வரத் துணிந்தேன். உங்கள் மனைவி டீ கொடுத்தார். நான் வாய் திறக்கும் முன்பே அவரே பேசினார்.

"அந்தப் புள்ளையோட கண்ண நெனச்சுப் பொலம்பிட்டே இருந்தாருங்க. 'மொதலாளி சொன்னது அம்மணிக்குக் கேட்டிருக்காது, ஃபேன் சத்தம். கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க'ன்னு உங்களப் பத்தியும் சொல்லுவாருங்க."

"கேட்டுச்சுங்க, அக்கா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை.

இப்போதெல்லாம் இரண்டாவது சூடு முடியாத உருப்படியில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. முதலாளி திட்டினாலும் சரி. அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். அந்த ஃபேன் சத்தம், எனக்காக நீங்களே தேடிக்கொடுத்த சாக்கு, பாய். அதைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.